உரத்தொட்டியின் சாவி

இந்த நாட்டுக்கு வந்த முதல் இலையுதிர்காலத்தில், வீட்டருகே இருந்த கூட்டுத் தோட்டக் குழுவில் சேர்ந்தேன். மூன்று கூட்டங்களுக்குப் போனேன். கார்பன் உமிழ்வு, பருவநிலை என்று பேச்சு வேகமாக ஓடியது. எனக்கிருந்த அரைகுறை மொழியறிவுக்கு அது எட்டவில்லை. இனிப் போக வேண்டாம் என்று நினைத்திருந்த வேளையில், முதியவர் ஒருவர், கழிவை மக்கவைத்து உரமாக்கும் தொட்டியின் சாவியை என் கையில் வைத்து, "வாரம் இருமுறை கிளறிவிட முடியுமா?" என்று கேட்டார். அத்தனை வரவேற்புரைகளும் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது.

தொட்டி நாறிக்கொண்டிருந்தது. எல்லோரும் சமையலறைக் கழிவை மட்டுமே கொட்டியிருந்தார்கள். அதில் நைட்ரஜன் மிகுதி, ஈரமும் மிகுதி. காற்றுப் புகாத அந்தச் சேற்றில் நாற்றம் பிறக்காமல் என்ன செய்யும்? நைட்ரஜன் ஒரு பங்கென்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு இருக்க வேண்டும். அதற்குக் காய்ந்த இலையும் கிழித்த அட்டையும் போதும். உதிர்ந்த இலைகளை மூட்டை மூட்டையாக வாரிவந்து கலந்து கிளறினேன். சில வாரங்களில் நாற்றம் அடங்கியது. கழிவு நன்றாக மக்கும்போது குவியல் உள்ளே சூடேறும். குவியலுக்குள் செருகிய வெப்பமானி 55 டிகிரி செல்சியஸ் காட்டிய காலையில், குளிரில் ஆவி பறக்க நின்ற அந்தக் குவியலின் முன்னால் நெடுநேரம் நின்றேன். "இதைப் போடலாமா?" என்று மற்றவர்கள் என்னிடம் வந்து கேட்கத் தொடங்கினார்கள். இந்த மொழியை நான் பேசப் பழகியது அங்கேதான்.

பிறகு ஒரு சிக்கல். யாரோ நெகிழிப் பைகளைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். குழுவினர் கடுமையான சொற்களில் எச்சரிக்கை எழுதி ஒட்டினார்கள். என்னைப்போல் புதிதாகக் குடியேறிய மூன்று குடும்பங்கள் அதன்பின் வரவே இல்லை. பையைப் போட்டது அவர்களா என்று எவருக்கும் தெரியாது. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ராம், மக்கள் கூடிப் பராமரிக்கும் பாசனங்களையும் காடுகளையும் மீன்வளங்களையும் ஆராய்ந்தவர். நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளில், விதிகளை வகுப்பதில் பயன்படுத்துவோருக்கே பங்கிருந்தது. தவறினால் முதல் தண்டனை மிக லேசானதாக இருந்தது. நாங்கள் இரண்டிலுமே தவறினோம். அந்த எச்சரிக்கையைக் கிழித்துவிட்டு, எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று மூடியிலேயே படம் வரைந்தோம். அந்தக் குடும்பங்களின் வீடுகளுக்கு நானே நேரில் போய் அழைத்தேன். இரண்டு குடும்பங்கள் திரும்ப வந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருவிகள் எங்கே இருக்கின்றன, தண்ணீர்க் குழாயை யார் திறப்பது என்பதெல்லாம் ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் வேறு ஊருக்குப் போனதும் தோட்டம் இரண்டு மாதம் முடங்கியது. இப்போது ஒவ்வொரு வேலைக்கும் இருவர் இருக்கிறோம்.

கூட்டங்கள் மட்டும் இன்னும் வாரநாள் மாலையில்தான் நடக்கின்றன. இரவுப் பணிக்குப் போகிறவர்களால் வர முடிவதில்லை. ஞாயிறு காலைக்கு மாற்றும்படி இருமுறை கேட்டுவிட்டேன். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.