மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங்: காயிலில் தொடங்கி டேப்பெட் கவரில் முடிந்த வேலை

மிஸ்ஸிங் என்றால் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், ஸ்பார்க்குக்கு வேண்டிய வோல்டேஜைத் தரும் காயில் பிளக்குக்கு ஒன்று. ஐட்லிங்கில் ஸ்டியரிங் வரைக்கும் உதறல், ஏசி போட்டால் இன்னும் மோசம். மூணாவது கியரில் மேம்பாலம் ஏறினால் திக்கித் திக்கி இழுக்கிறது, அந்த நேரம் செக் லைட் மின்னுகிறது. செக் லைட் விடாமல் எரிந்தால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். மின்னினால் ஓட்டக்கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அது போனால் ஆகும் செலவில் நாலு காயிலையும் பல தடவை மாற்றலாம்.

முதல் நாள்: கோளாறு கோட் (code) படிக்கும் இஎல்எம்327 புளூடூத் அடாப்டரைச் செருகிப் படித்ததில் பி0303, அதாவது மூணாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். கடைசி இலக்கம்தான் சிலிண்டர் நம்பர். இந்த வண்டியில் டைமிங் செயின் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பிளக்கையோ காயிலையோ நேரடியாகப் பார்ப்பதில்லை. கிராங்க் சுற்றும் வேகம் எந்த சிலிண்டரின் முறையில் குறைகிறது என்று கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். பி0303 என்றதும் காயில் வாங்க ஓடுவது பாதி நேரம் காசுக்குக் கேடு.

ஃபியூயல் டிரிம், அதாவது ஈசியூ எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது என்ற கணக்கு, பார்த்ததில் +9. வேக்கம் லீக், அதாவது எங்கோ ஓட்டை வழியே கூடுதல் காற்று நுழைகிறது, என்று சந்தேகம் வரும். ஆனால் மிஸ் அடிக்கும்போது எரியாத காற்றும் வெளியே வருவதால், ஆக்ஸிஜன் சென்சார் அதை லீன் (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) என்றே படிக்கும். மிஸ்ஸிங் நிற்காத வரை டிரிம் நம்பரை நம்ப வேண்டாம்.

அடுத்து, காயிலையும் பிளக்கையும் வேறு சிலிண்டர்களுக்கு இடமாற்றிப் பார்ப்பது. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், ஹெட் அலுமினியம். சூட்டில் பிளக்கைக் கழற்றினால் மரை போகும். காயில் போல்ட் 10 மி.மீ. காயிலை நேராக இழுக்காமல் முதலில் கால் சுற்று அப்படியும் இப்படியும் திருப்பிவிட்டுத் தூக்கினால், பிளக்கின் மேல் உறைபோல உட்காரும் ரப்பர் பூட் கிழியாது. மூணாவது காயிலைத் தூக்கியதும் பூட் நுனியில் ஆயில் பிசுக்கு. டார்ச் அடித்தால் பிளக் குழியில் ஒரு விரற்கடை ஆயில் தேங்கி நிற்கிறது. பிளக்கைத் தொடும் முன் நீள ஸ்க்ரூடிரைவரில் துணி சுற்றி அதை ஒற்றி எடுத்து, காற்றும் ஊதியாச்சு. இல்லாவிட்டால் மண்ணும் ஆயிலும் நேரே பிஸ்டன் தலையில்தான் விழும்.

மூணாவது காயிலை 2-க்கும், மூணாவது பிளக்கை 1-க்கும் மாற்றி, பி0303 கோடை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஓட்டம். இரண்டையும் ஒரே சிலிண்டருக்கு மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. பிரித்துப் போட்டால் ஒரே ஓட்டத்தில் பதில். 2 வந்தால் காயில், 1 வந்தால் பிளக், 3-லேயே நின்றால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். சும்மா ஐட்லிங்கில் விட்டுப் பார்த்தால் போதாது. சிலிண்டரில் அழுத்தம் கூடும்போதுதான் ஸ்பார்க்குக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். அதனால் 1500 ஆர்பிஎம்மில் மூணாவது கியர் போட்டு ஏற்றத்தில் மிதித்துப் பார்க்க வேண்டும். ரெண்டே நிமிஷத்தில் பி0302. காயில் காலி. இது மூணு பின் காயில், உள்ளேயே டிரான்ஸிஸ்டர் உண்டு. மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்த்துச் சொல்ல முடியாது.

புதுக் காயில் 3-இல் போட்டதும் வண்டி பட்டுப்போல ஓடியது. ஆனால் பிளக்குகளை அப்போதே மாற்றாமல் விட்டது தப்பு. மூணு நாள் கழித்து ஏற்றத்தில் லேசான திக்கல், பெண்டிங்கில் (இன்னும் உறுதியாகாத கோட்கள் பட்டியலில்) பி0301. 1-க்குப் போன பழைய பிளக்தான். அதன் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. ஸ்பார்க் நுனிக்குப் போகாமல் பீங்கான் மேலேயே இறங்கி பாடிக்கு ஓடிய தடம். 1-ஆவது காயில் பூட்டின் உள்பக்கத்திலும் அதே இடத்தில் கோடு ஆரம்பித்திருந்தது. நல்ல பூட்டையும் கெட்ட பிளக் கெடுத்துவிடும். இவை இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பீங்கானும் இரும்பும் சேரும் இடத்தில் பழுப்பு வளையம் மட்டும் இருந்தால் பயம் வேண்டாம், அது எல்லாப் பிளக்கிலும் வரும் கறை.

பழைய பிளக்குகளில் கேப் (நுனியில் ஸ்பார்க் தாவும் இடைவெளி) தேய்ந்து 1.3 மி.மீ. வரை கூடியிருந்தது. இருக்க வேண்டியது 1.0–1.1. கேப் கூடினால் காயில் அதற்கேற்ப அதிக வோல்டேஜ் தள்ள வேண்டும், அந்த அழுத்தம் பூட்டின் பலவீனமான இடத்தை உடைத்துக்கொண்டு வெளியேறும். நாலு புதுப் பிளக், ஃபீலர் கேஜில் கேப் பார்த்து, முதலில் கையாலேயே மரை ஏற்றி, பிறகு டார்க் ரெஞ்ச். மரை 12 மி.மீ. என்றால் 15–20 நியூட்டன் மீட்டர், 14 என்றால் 25–30. மரையில் கிரீஸ் வேண்டாம். வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகும். பூட்டின் வாயில் மட்டும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு. 1-க்கும் புது பூட்.

ஆனால் ஆயில் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விட்டால் ஆறு மாதத்தில் இதே கதை. ஆயில் தானாக மின்சாரம் கடத்தாது, ரப்பரை ஊற வைத்து மென்மையாக்கி, அழுக்கையும் பிடித்து வைக்கும். அங்கேதான் ஸ்பார்க் வழி தேடும். பிளக் குழியைச் சுற்றி, ஹெட்டை மேலே மூடும் டேப்பெட் கவருக்குள் வட்ட சீல் ஒன்று உண்டு. கவரைத் தூக்கியதில் நாலு சீலும் பிளாஸ்டிக் மாதிரி இறுகிக் கிடந்தன, மூணாவது விரிசல். நாலு சீல், சுற்று கேஸ்கெட் எல்லாம் புதுசு. டைமிங் கவரும் ஹெட்டும் சேரும் இரண்டு மூலையிலும் சிலிக்கோன் சீலன்ட் ஒரு பொட்டு. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றாக, 10 நியூட்டன் மீட்டருக்குள். அதற்கு மேல் முறுக்கினால் கவர்தான் வளையும்.

கம்ப்ரஷன் கேஜ் இந்த முறை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

500 கி.மீ. ஓடிய பிறகு கோளாறு கோட் எதுவும் இல்லை, டிரிம் +2-க்கு வந்துவிட்டது. நாலு குழியிலும் டார்ச் அடித்துப் பார்த்தாச்சு, காய்ந்துதான் இருக்கின்றன. நாலாவது காயிலின் பூட் லேசாக ஊறியிருக்கிறது. அடுத்த ஆயில் சர்வீஸில் அதுவும் மாறும்.