உலைக்குழாயின் மேல் ஒரு பச்சைப் படலம்

இன்று உலையிலிருந்து கழற்றி வைத்த குழாயின் மேல் கரும்பச்சையாக மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருந்தது.

அது அழுக்கன்று. குழாய், இன்கோனல் எனப்படும், நிக்கலை முதன்மையாகக் கொண்ட உலோகக்கலவையால் ஆனது. அதிலுள்ள குரோமியம் ஆக்சிஜனுடன் சேர்ந்து உருவாக்கிய ஆக்சைடு இது. உள்ளிருக்கும் உலோகத்தைக் காப்பதே அதுதான்.

எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று மட்டும் கேட்டு இன்கோனல் வாங்குவோர் பலர். அந்த வெப்பத்தோடு வேறென்ன இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

குளோரைடு மிகுந்த நீரில் குழிகுழியாக அரிப்பதைத் தடுக்க 8 முதல் 10 சதவீதம் மாலிப்டினம் கொண்ட 625 என்னும் இன்கோனல் வகை பொருந்தும். வலிமையில் சிறந்த 718 என்னும் வகை, ஏறத்தாழ 650 டிகிரி செல்சியசுக்கு மேல் நெடுநாள் இருந்தால் அவ்வலிமையை இழக்கத் தொடங்கும். காற்றில் 1100 டிகிரி என்றால், சிறிது அலுமினியம் சேர்ந்த 601 என்னும் வகை நல்ல தேர்வு.

கந்தகம் இருந்தால் நிலைமையே வேறு. நிக்கல் 1455 டிகிரியில்தான் உருகும். ஆனால் நிக்கலும், அது கந்தகத்தோடு சேர்ந்து உருவாக்கும் சல்ஃபைடும் கலந்த கலவை சுமார் 640 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், எரிபொருளில் கந்தகம் எவ்வளவு என்று தெரியாமல் நான் எந்த இன்கோனல் வகையையும் பரிந்துரைப்பதில்லை.