ஈஸ்ட்ரோஜனை நீக்குவதுதான் முதல் பாடம்

ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் ஆய்வுக்கு வரும் உயிர்வேதியியல் மாணவர்களுக்கு: ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ராடையாலைச் செல்களுக்குச் சேர்ப்பது எளிது. ஏற்கெனவே இருப்பதை நீக்குவதுதான் கடினம்.

எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களைச் சோதனைக்கு மூன்று நாள் முன்பே ஹார்மோன் இல்லாமல் பட்டினி போடுங்கள். ஃபீனால் ரெட் இல்லாத ஊடகம், அதில் ஹார்மோன்களை நீக்கக் கரியால் வடித்த சீரம் 5 முதல் 10 சதவீதம். ஃபீனால் ரெட் வெறும் நிறங்காட்டி இல்லை; அதிலுள்ள மாசுப்பொருள் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்வது 1980களிலேயே தெரிந்துவிட்டது. ஊடகத்தை மாற்றிவிட்டு, செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சினில் இருக்கும் ஃபீனால் ரெட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக்கும் கெடுக்கும்: பாலிஸ்டைரீன் குழாய்களிலிருந்து கசிந்த நோனைல்ஃபீனாலே செல்களைப் பெருகச் செய்ததை 1991இல் ஆய்வாளர்கள் சோட்டோவும் சோனன்ஷைனும் காட்டினார்கள்.

ஈஸ்ட்ராடையாலை எத்தனாலில் 10 மைக்ரோமோலாராக வைத்து, ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 10 நானோமோலார், எத்தனால் 0.1 சதவீதம். கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் அதே அளவு எத்தனால் கட்டாயம். 24 மணி நேரத்தில் ஈஸ்ட்ரோஜனால் தூண்டப்படும் டிஎஃப்எஃப்1, ஜிஆர்இபி1 மரபணுக்களின் வெளிப்பாடு ஏற வேண்டும்; ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் மருந்தான ஃபுல்வெஸ்ட்ரண்ட் சேர்த்தால் இறங்க வேண்டும். ஏறவே இல்லையா? கட்டுப்பாட்டுத் தட்டு முன்பே உயர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கரி வளர்ச்சிக் காரணிகளையும் கொஞ்சம் உறிஞ்சிவிடும், அதனால் சீரம் தொகுதி மாறினால் எல்லாவற்றையும் மறுபடி சோதியுங்கள்.

புரோஸ்டேட் பக்கம் போனால் எல்என்கேப் என்ற புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் கவனம். அவற்றின் ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பியில் உள்ள பிறழ்வால் புரோஜெஸ்ட்ரோனும் ஈஸ்ட்ராடையாலும்கூட அதைத் தூண்டிவிடும்.