கடற்கரை ஊரில் கேமிங் லேப்டாப் வாங்குபவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு உப்புக் காற்று என்ன செய்யும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். ஜன்னல் கம்பிக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் துரு வெளியே வந்துவிடும். அதே காற்றை இரண்டு ஃபேன் வைத்து நாள் முழுக்க உள்ளே இழுக்கும் ஒரு மெஷினை லட்ச ரூபாய் கொடுத்து வாங்கப் போகிறோம். கடையில் நாம் கேட்பதோ "ஐ7 ஆ? 4060 ஆ?" என்ற இரண்டு கேள்விதான். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளும் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களும் இதே இரண்டு கேள்வியோடுதான் கடைக்குள் போகிறார்கள். சிப்புக்கு எத்தனை வாட் கிடைக்கிறது, அந்தச் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்ற இரண்டையும் கேட்டால்தான் மெஷினின் உண்மையான வேகம் தெரியும்.

முதலில் சிபியு, அதாவது மெஷினின் மூளையான சிப். இன்டெல் கம்பெனியின் "ஐ7" என்ற ஒரே பெயருக்குள் வெகு தூரத்தில் இருக்கும் இரண்டு சிப்கள் உண்டு. ஐ7 1355யு என்றால் பெரிய கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) இரண்டு, சின்ன கோர் எட்டு, அடிப்படைப் பவர் 15 வாட். ஐ7 13700ஹெச்எக்ஸ் என்றால் பெரிய கோர் எட்டு, சின்ன கோர் எட்டு, அடிப்படைப் பவர் 55 வாட். டர்போ (கொஞ்ச நேரம் மட்டும் வேகத்தைக் கூட்டுவது) போகும்போது 157 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். யு என்றால் மெலிந்த மெஷின், ஹெச் என்றால் வேலைக்கானது, ஹெச்எக்ஸ் என்றால் கனமான வேலைக்கானது. இன்னொரு சிப் கம்பெனியான ஏஎம்டியில் வேறொரு கவனம் வேண்டும். ரைசன் 7 7735ஹெச்எஸ், 7840ஹெச்எஸ் இரண்டும் ஒரே வரிசை போலத் தெரிந்தாலும் முதலாவது முந்தைய தலைமுறைக் கோர்.

கிராபிக்ஸ் கார்டில் இந்த வித்தியாசம் இன்னும் மறைந்து கிடக்கிறது. லேப்டாப்பில் வரும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் கம்பெனி அமைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் டைனமிக் பூஸ்ட் என்று 25 வாட் வரை சேரும். 60 வாட் 4060-க்கும் 140 வாட் 4060-க்கும் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றேதான். கடையில் டெமோ மெஷின் ஆன் ஆகியிருந்தால் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை, கூச்சப்பட வேண்டியதில்லை. கூடவே மக்ஸ் ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் கிராபிக்ஸ் கார்டு வரையும் படம் சிபியுவுக்குள் இருக்கும் கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும்.

வீடியோ எடிட் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இப்போதைய கேமராக்களில் 10 பிட் 4:2:2 ஹெச்.265 (நிற விவரம் கூடுதலாக இருக்கும் சுருக்கிய வீடியோ) எடுத்தால், அதை ஹார்டுவேரில் பிரித்துப் படிக்கும் வசதி 4060 போன்ற 40 வரிசை என்விடியா கார்டில் கிடையாது, 50 வரிசையில்தான் வந்தது. இன்டெல் சிப்பின் உள் கிராபிக்ஸில் அது 11-ஆம் தலைமுறை முதலே இருக்கிறது. அதனால் டைம்லைன் இழுக்கும்போது தட்டுத் தடுமாறாமல் ஓட, சில வேலைகளுக்கு பெரிய கார்டைவிட இன்டெல் உள் கிராபிக்ஸ்தான் உதவும். மக்ஸ் ஸ்விட்சில் உள் கிராபிக்ஸை முழுக்க அணைத்துவிட்டால் அந்த உதவியும் போய்விடும்.

இனி சூடு. சிபியு 45 வாட், கார்டு 115 வாட் எரிக்கிறது என்றால் மொத்தம் 160 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பையும் 60 வாட் பல்பையும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து எரிப்பது போன்ற சூடு அது. அதை வெளியே கொண்டுபோவது தட்டையாக அமுக்கிய செம்புக் குழாய்கள். குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர், காற்றழுத்தம் மிகக் குறைவு, அதனால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்கே குளிர்ந்து, உள்சுவரில் இருக்கும் திரி போன்ற அடுக்கு வழியே திரும்பி வரும். குழாய் ஒரு இடத்தில் நசுங்கினால் அந்த ஓட்டம் கெடும், நிமிர்த்தி எடுத்தாலும் பழையபடி ஆகாது.

மறுமுனையில் சீப்புப் பல் போல நெருக்கமாக உலோகத் தகடுகள் இருக்கும். நம் ஊரில் நோய் தொடங்குவது அங்கேதான். உள்நாட்டில் தூசி காய்ந்த தூசியாகவே இருக்கும், ஊதினால் பறந்துவிடும். இங்கே அதோடு உப்பு சேர்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். சமையலறையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவது இதனால்தான். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. தூசியும் நூலிழையும் உப்பு நீரில் நனைந்து, ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து புளோயர் அடித்தால் அந்தத் துண்டு இன்னும் உள்ளே போய் அடைக்கும். ஃபேனைக் கழற்றி, அதை விரலால் பிடித்து முழுசாக உரித்து எடுப்பது ஒன்றே வழி.

மெஷின் ஓடும்போது உள்ளே சூடாக இருப்பதால் ஈரம் தங்காது. அணைத்து மூடி, ஜன்னலோர மேஜையில் வாரக்கணக்கில் விடும்போதுதான் அரிப்பு வேலை செய்கிறது. ஆஃப் செய்தாலும் பேட்டரி போர்டோடு இணைந்தே இருப்பதால் சில லைன்களில் வோல்டேஜ் நிற்கும். உப்பு நீர்ப் படலமும் வோல்டேஜும் சேர்ந்தால் அடுத்தடுத்த பின்களுக்கு நடுவே உலோகமே நகர்ந்து பாலம் கட்டிவிடும். இப்படிப் பாதித்த போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: கெப்பாசிட்டர் ஓரங்களில் சர்க்கரைத் தூள் போல வெள்ளை, செம்பு வெளியே தெரியும் இடத்தில் ரப்பர் தோட்டத்தில் மழைக்கு முன் அடிக்கும் துருசின் (மயில்துத்தம்) நீலப்பச்சை நிறம். ஃபேன் பக்கத்து கனெக்டர், யூஎஸ்பி போர்ட், திரைக்குப் போகும் ரிப்பன் இருக்கும் இடம், இம்மூன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். மேலே இருப்பதை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் வைத்து எடுக்கலாம். சிப்புக்கு அடியிலும் அந்தப் பச்சை பரவியிருந்தால் அல்ட்ராசோனிக் கிளீனர் வைத்திருக்கும் சர்வீஸ் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சானிடைசர் ஜெல் ஒருபோதும் வேண்டாம், அதில் தண்ணீரும் பிசினும் இருக்கிறது.

கடலுக்கு அருகில் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குலசேகரம் மாதிரி உள்ளே என்றால் வருஷத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்வது என் கணக்கு. வாரன்டி இருந்தால், திறந்தால் போய்விடுமா என்று முதலில் படித்துப் பாருங்கள். விண்டோஸ் 11 மெஷின்களில் பலவற்றில் டிரைவ் தானாகவே என்கிரிப்ட் ஆகி பூட்டியிருக்கும், ஆகவே அதைத் திறக்கும் எண்ணான பிட்லாக்கர் ரிக்கவரி கீயை வேறிடத்தில் எழுதி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சார்ஜரைக் கழற்றி, ஷட் டவுன் செய்து, பவர் பட்டனை 15 நொடி அழுத்துங்கள். பிஎச்0 (சின்ன பிளஸ் தலை) ஸ்குரூ டிரைவர் போதும், சில மாடல்களில் டி5 டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) வேண்டும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்குரூவையும் அதே இடத்தில் குத்தி வையுங்கள். பின்பக்கத்து நீள ஸ்குரூவை முன்பக்கம் போட்டு முறுக்கினால் கை வைக்கும் இடத்தில் மேலே புடைத்துவிடும். மூடியைத் திறக்க கத்தி வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும். உள்ளே கை வைக்கும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அது வேகமாகச் சுற்றினால் பேரிங் கெடும், மின்சாரமும் உற்பத்தியாகி போர்டுக்குத் திரும்பலாம்.

சிப்பின் சூட்டைக் குழாய்க்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மாற்றுவதாக இருந்தால், ஹீட்சிங்க் (குழாயும் தகடும் சேர்ந்த பாகம்) ஸ்குரூக்கள் பக்கத்தில் 1, 2, 3 என்று அச்சிட்டிருக்கும். போடும்போது அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவும், கழற்றும்போது தலைகீழ் வரிசை. லேப்டாப் சிப்புக்கு மேல் மூடி கிடையாது, சிலிக்கான் வெறுமனே இருக்கும். நடுவில் ஒரு பொட்டு வைத்து விட்டுவிடாமல் முழுப்பரப்பிலும் மெல்லிசாகப் பரப்புங்கள். சாதாரண பேஸ்ட் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஓரத்துக்குத் தள்ளப்பட்டு சில மாதங்களில் நடுவில் வெறுமையாகிவிடும். ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட் 45 டிகிரி வாக்கில் இளகி மறுபடி இறுகும் பொருள். அது அப்படி எளிதில் ஓடாது, நான் அதையே சொல்வேன். பக்கத்தில் இருக்கும் மெமரி சிப்களின் தெர்மல் பேடை மாற்றினால் அதே தடிமன் வேண்டும். 1 மி.மீ. இருந்த இடத்தில் 1.5 மி.மீ. வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாமல் நிற்கும், முன்பு இருந்ததைவிடச் சூடு கூடும். பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டலோடு (திரவ உலோகம்) வந்த மெஷினை வீட்டில் திறக்கவே வேண்டாம். அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும்.

வேலை முடிந்ததும் வாட்டையும் சூட்டையும் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேரை ஓடவிட்டு பத்து நிமிடம் கனமான வேலை கொடுங்கள். முதல் அரை நிமிடத்தில் சிபியு காட்டும் வாட்டை நம்ப வேண்டாம், அது டர்போ. பத்தாவது நிமிடத்தில் எத்தனை வாட்டில், எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பதே உங்கள் மெஷின். இன்டெல் லேப்டாப் சிப்கள் பெரும்பாலும் 100 டிகிரியில் தானாக வேகத்தைக் குறைக்கும். பெரிய கோர்களுக்குள் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. பின்பக்கத்தை இரண்டு செ.மீ. தூக்கி வைப்பது செலவில்லாத மருந்து. மெத்தையில் வைத்து கேம் ஆடுவது காற்று இழுக்கும் வாயைப் பொத்துவதுதான்.

ரேமும் எஸ்எஸ்டியும் சுலபமான பகுதி. டிடிஆர்5 லேப்டாப் ரேமுக்கு 262 பின், டிடிஆர்4-க்கு 260, வெட்டு இருக்கும் இடமும் வேறு, மாற்றிப் போட முடியாது. 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கோடு வந்தால் இன்னொரு 16 சேர்த்து ஜோடியாக்குங்கள். டிடிஆர்5 மாற்றியபின் முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். மெமரியை மெஷின் பழகிக்கொள்ளும் நேரம் அது. பயந்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். சில மெலிந்த மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், பின்னால் கூட்ட வழியில்லை, வாங்கும்முன்பே கேளுங்கள். எஸ்எஸ்டி எம்.2 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். இரண்டாவது ஸ்லாட் 2242 மட்டும் பிடிக்குமா என்று அளந்து பாருங்கள். புது எஸ்எஸ்டியின் பேடில் இருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்க மறப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

கரண்ட் விஷயம். அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும், அதனால் வோல்டேஜ் குறைந்தால் கவலை இல்லை. இடிதான் எதிரி. ஏப்ரல், மே மாலைகளிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி கேட்டதும் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. லேன் கேபிளையும் பிடுங்குங்கள், செம்புக் கம்பி வழியாகவும் அது வரும். உலோக பாடியைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். அடாப்டருக்குள் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர் வழியே கசியும் கரண்டுக்கு இறங்க வழி வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குள் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இணைப்பு கொடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி விமான விதிக்காக 100 வாட்-ஹவருக்குக் கீழேதான் இருக்கும். எப்போதும் சார்ஜரிலேயே வேலை செய்கிறவர்கள் 80 சதவீதத்தோடு நிறுத்தும் செட்டிங்கைப் போடுங்கள். நூறில் நின்றபடி சூட்டிலும் இருக்கும் செல்தான் சீக்கிரம் வீங்கும். டச்பேட் கிளிக் ஆகாமல் அடம்பிடிக்கிறது, மூடிய லேப்டாப் மேஜையில் சமமாக உட்காராமல் ஆடுகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றே சார்ஜரைக் கழற்றி அணைத்துவிடுங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது, பேட்டரி மாற்றும் வரை ஆன் செய்யவும் கூடாது.