மேக்சி ஜே1820+070: 16 நொடித் துண்டில் காணாமல்போகும் க்யூபிஓ

2018 மார்ச்சில் திடீரெனப் பிரகாசமான கருந்துளை இரட்டை (கருந்துளையும் துணை விண்மீனும் சேர்ந்த அமைப்பு) இது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள நைசர் தொலைநோக்கி மாதக்கணக்கில் பார்த்த எக்ஸ் கதிர்த் தரவு நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தச் சுற்றின் வேலை: கடின நிலையில் (உயர் ஆற்றல் எக்ஸ் கதிர் மேலோங்கும் கட்டத்தில்) 0.1 ஹெர்ட்ஸை ஒட்டி வரும் க்யூபிஓவை, அதாவது ஏறத்தாழச் சீரான அலைவை, திறன் நிறமாலையில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று காட்டும் வரைபடத்தில்) பிடிப்பது.

தரவைச் சுத்தப்படுத்தும் நைசரெல்2 நிரலை ஓட்டியபின், ஆற்றலைக் குறிக்கும் எண்ணான பிஐ 50 முதல் 1000 வரை (0.5–10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்) வடிகட்டியது. 14, 34 எண் டிடெக்டர்கள் இரைச்சல் பேர்வழிகள், நீக்கியாயிற்று. பைதான் நிரல்தொகுப்பான ஸ்டிங்ரேயில் நேரப்படி 1/256 நொடி. எனவே 128 ஹெர்ட்ஸ் வரை பார்க்கலாம்.

தரவைச் சம நீளத் துண்டுகளாக வெட்டி, அவற்றின் நிறமாலைகளைச் சராசரி எடுக்க வேண்டும். முதலில் 16 நொடித் துண்டு. 900 நொடி ஓட்டத்தில் (தொடர்ச்சியான ஒரு பார்வையில்) 56 துண்டு, பிழை 13 சதவீதம். வரைபடம் வழவழவென்று அழகாக வரும், ஆனால் க்யூபிஓவின் மேடு இருக்காது. அதிர்வெண் படி 0.0625 ஹெர்ட்ஸ் என்பதால் அலைவு முதல் இரண்டு புள்ளிகளுக்குள் கரைந்துவிடுகிறது. 128 நொடிக்கு மாற்றினால் படி 0.0078, மேடு தனியே எழும். ஆனால் 7 துண்டுதான் தேறும், பிழை 38 சதவீதம். அதே நாளின் மற்ற ஓட்டங்களைச் சேர்த்து 40 துண்டாக்கினால் 16 சதவீதம். பல வாரத் தரவைக் கலக்கக் கூடாது. அலைவின் அதிர்வெண் நகர்வதால் மேடு பரந்து தட்டையாகிவிடும்.

பிரகாசமான மூலம் என்பதால் தரவுப் பொட்டலங்கள் விட்டுப்போய், நல்ல நேரப் பட்டியல் (தரவு பயன்படத்தக்க நேரங்களின் பட்டியல்) துணுக்குத் துணுக்காகச் சிதறும். 128 நொடிக்குக் குறைந்த துணுக்கை ஸ்டிங்ரே சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். சராசரிக்குப் போன துண்டுகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் அச்சிட்டுப் பாருங்கள். இடைவெளியைப் பூஜ்யத்தால் நிரப்புவது மட்டும் வேண்டாம், பொய்த் திறன் முளைக்கும். ஓட்டத்தின் நடுவே இயங்கும் டிடெக்டர் எண்ணிக்கை மாறினாலும் கதை அதேதான்: எண்ணிக்கை வீதத்தில் ஒரு படிக்கட்டு, தாழ் அதிர்வெண்ணில் போலி ஏற்றம்.

லீஹி அளவீட்டில் (வெறும் ஃபோட்டான் இரைச்சலுக்குத் திறன் 2 வரும்படி அளக்கும் முறையில்) 50 ஹெர்ட்ஸுக்கு மேல் சராசரி 2 வர வேண்டும். சற்றுக் குறைந்தால் டிடெக்டரின் செயலற்ற நேரம் (ஒரு ஃபோட்டானைப் பதிந்ததும் அடுத்ததைக் காணாத கணம்) காரணம். 2ஐ அல்ல, அங்கே அளந்த மதிப்பையே கழிக்க வேண்டும். அப்புறம் மடக்கைப் படியில் 0.03 எனத் தொகுத்து, அதிர்வெண் பெருக்கல் திறனாக வரைந்தால் மேடு கண்ணில் படும். மணி வடிவ லோரன்ட்ஸ் வளைவு பொருத்தி, மைய அதிர்வெண்ணை அரை உயர அகலத்தால் வகுத்து 2க்கு மேல் வந்தால்தான் க்யூபிஓ. குறைந்தால் வெறும் அகல இரைச்சல்.

அடுத்து ஜூலைத் தரவு. அலைவு சில ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுவதால், அங்கே 16 நொடியே போதும்.