தோற்க வேண்டிய சோதனை தேறியபோது

கோப்பு முறைமையில், அதாவது தட்டில் கோப்புகளை ஒழுங்காக வைத்திருக்கும் மென்பொருளில், திருத்தப்பட்ட பிழையொன்று மறுபடி தலைதூக்கினால் உடனே காட்டிக்கொடுக்க வேண்டிய சோதனை ஒன்றை மீளாய்வு செய்யும் வேலை, சென்ற மாரி காலத்தில் ஆரையம்பதியில் இருந்தபோது என்னிடம் வந்தது. எழுதியவர் வந்தாறுமூலையைச் சேர்ந்த தங்கை ஒருவர். பிழை லினக்ஸின் கோப்பு முறைமைகளில் ஒன்றான பிடிஆர்எஃப்எஸ் பற்றியது: ஒரு கோப்பின் பெயரை மாற்றி, பழைய பெயரிலேயே புதிய கோப்பொன்றை உருவாக்கி, புதியதற்கு மட்டும் எஃப்சிங்க் என்ற, ஒரு கோப்பைத் தட்டில் பத்திரப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தபின் மின்சாரம் போனால், அந்தத் தட்டை மறுபடி மவுண்ட் செய்யவே, அதாவது இணைத்துத் திறக்கவே, முடியாது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டைக் கண்ட எங்களுக்கு இது எங்கோ நடக்கும் அபூர்வமாகத் தோன்றவில்லை.

சோதனை எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்புக்காக எழுதப்பட்டிருந்தது. எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைமைக்காக எஸ்ஜிஐ நிறுவனத்தில் தொடங்கிய அந்தத் தொகுப்பு இன்று லினக்ஸின் பல கோப்பு முறைமைகளுக்குப் பொதுவானது. அதில் மின்சாரத்தை உண்மையாகவே துண்டிக்க வேண்டியதில்லை. டிஎம்-ஃபிளேக்கி என்ற அடுக்கைத் தட்டின்மேல் வைத்து, குறித்த கட்டத்திலிருந்து தட்டில் எழுத வரும் தரவுகளையெல்லாம் சத்தமின்றிக் கைவிடச் செய்து, அன்மவுண்ட் செய்து, பிறகு எழுதுவதை அனுமதித்து மறுபடி மவுண்ட் செய்தால், கோப்பு முறைமைக்கு அது மின்தடைக்குச் சமம்.

திருத்தம் சேர்ந்த கேர்னலில், அதாவது லினக்ஸின் மையநிரலில், சோதனையை ஓட்டினேன், தேறியது. திருத்தம் இல்லாத கேர்னலைத் தொகுத்து மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டினேன், அதிலும் தேறியது. பிழை கண்முன்னே இருக்கும்போது தோற்காத சோதனை, அது திரும்பி வரும் நாளிலும் வாய் திறக்காது என்பதால் அந்த இரண்டாவது தேர்ச்சி என்னை உண்மையிலேயே கலங்க வைத்தது.

ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தேன். எஃப்சிங்க் வரிக்கும் எழுதுவதைக் கைவிடச் சொல்லும் வரிக்கும் இடையில், ‘சிங்க்’ என்ற ஒற்றைச் சொல் தனி வரியாக நின்றது. எஃப்சிங்க் அந்தக் கோப்புக்குரிய மாற்றங்களை மட்டும் லாக் ட்ரீ என்ற தற்காலிகப் பதிவில் எழுதிவிட்டு விரைவாகத் திரும்பும். மின்தடைக்குப் பிந்திய மவுண்டில்தான் அந்த லாக் வாசிக்கப்பட்டு மாற்றங்கள் மீள நிகழ்த்தப்படும். பிழை இருந்ததே அந்த மீள்நிகழ்த்தலில்தான். சிங்க்கோ முழுப் பரிவர்த்தனையையும், அதாவது நிலுவையிலுள்ள மாற்றங்கள் அனைத்தையும், தட்டில் நிலைநிறுத்திவிடுவதால், மீள நிகழ்த்துவதற்கு லாக்கில் எதுவுமே மிஞ்சவில்லை.

அந்த வரி ஏன் என்று தங்கையிடம் தொலைபேசியில் கேட்டேன். “எழுதினது எல்லாம் தட்டுக்குப் போய்ச் சேரட்டும் எண்டுதான் போட்டன், அண்ணா” என்றார். நியாயமான எண்ணம், சாதாரண நிரல் ஒன்றில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அந்த வரியை அடியோடு நீக்கச் சொல்லவும் இல்லை. பெயர் மாற்றத்துக்கு முன்பே முதல் கோப்பு தட்டில் நிலைபெற்றிருந்தால்தான் இரு கோப்புகளும் ஒரே பெயருக்காக மோதும். ஆகவே சிங்க் முதல் கோப்பு உருவானவுடன் வரவேண்டும் என்று விளக்கினேன்.

வரியை மேலே நகர்த்தி ஓட்டியதும் பழைய கேர்னலில் மவுண்ட் தோற்றது. லாக்கை மீள நிகழ்த்த முடியவில்லை என்ற வரி கேர்னலின் செய்திப் பதிவான டிமெஸ்ஜில் விழுந்தது. இரு கேர்னல்களிலும் 20 தடவை ஓட்டினேன், முடிவு மாறவில்லை. எதிர்பார்க்கும் வெளியீட்டுக் கோப்பில் அவருடைய கணினியின் தட்டுப் பெயர் ஒட்டியிருந்ததையும், எந்தத் திருத்தத்துக்குரிய சோதனை என்ற குறிப்பு விடுபட்டிருந்ததையும் சேர்த்து எழுதி அனுப்பினேன்.

இரண்டாவது பதிப்பு மூன்று நாளில் வந்தது. சிங்க் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, கீழே இறக்கினால் சோதனை ஏன் பயனற்றுப்போகும் என்பதை அவ்வரிக்கு மேலேயே இரண்டு வரிக் குறிப்பாக எழுதியிருந்தார். இரு கேர்னல்களிலும் மறுபடி ஓட்டிப் பார்த்தபின், மீளாய்வு செய்தவராக என் பெயரைச் சேர்த்தேன்.