பதின்மூன்று குளிசைகள்

ஜனவரி 8

மண்முனைப் பாலத்தில் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. 2014 இல் இந்தப் பாலம் திறக்கும்வரை இங்கே 'பாதை'தான். மோட்டார் சைக்கிளை மிதவையில் ஏற்றிவிட்டு, அது எப்போது அசையும் என்று மட்டக்களப்பு வாவியைப் பார்த்துக்கொண்டே நிற்போம். இப்போது ஐந்து நிமிடம் ஆகாது. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் கிரவல் ரோட்டில்தான் மிச்ச நேரமெல்லாம் போகிறது.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி நான். இன்று புது நோயாளி வீடு. பெரியவருக்கு வாய்ப்புற்றுநோய், இடது கன்னம் வெடித்துவிட்டது. ஐம்பது வருட வெற்றிலையும் புகையிலையும். தான் கட்டி, மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டின் பின்னறையில் படுத்திருக்கிறார். புண் மணக்கிறது என்று பேரன் வாசலோடு நின்றுகொண்டான். ஆறிய உப்புநீரால் கழுவி, டொக்டர் எழுதிக்கொடுத்த மெட்ரோனிடசோல் குளிசையைப் பொடித்துத் தூவினேன்.

நோவுக்குக் கிளினிக்கில் கொடுத்த மோர்பின் 10 மில்லிகிராம், நாளுக்கு ஆறாக 14 நாளுக்கு 84 குளிசைகள். நாளைக் காலை தொடங்கச் சொன்னேன். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் அவசரமாகக் கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 11

மணம் பாதி குறைந்திருக்கிறது. பேரன் கட்டில் விளிம்பில் இருந்து போனில் விளையாடுகிறான்.

ஜனவரி 15

பொங்கல் வீட்டுக்கு வீடு வந்தது. இரண்டு வீட்டில் மறுக்க முடியவில்லை.

பெரியவர் வீட்டில் குளிசைப் பையை எண்ணினேன். காலை 6 மணியோடு 37 போயிருக்க வேண்டும், 47 மிச்சம். பையிலும் சரியாக 47. கணக்குச் சரி, ஆனால் ஆளின் முகம் சரியில்லை. புருவம் நெரிந்து கிடந்தது, சரித்துப் படுக்கவைக்க விடவில்லை. மகளிடம் மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, பவுடர் டின்னுக்குள்ளிருந்து சீலைத்துண்டு ஒன்றை எடுத்து அவிழ்த்தாள். பதின்மூன்று குளிசைகள்.

"நீங்கதானே மிஸ்ஸி, நோவு வந்தாக் குடுங்க எண்டு சொன்னீங்க. அவர் முனகாத நேரம் எடுத்து வெச்சன். வெள்ளம் வந்து கிளினிக் போக ஏலாட்டி?"

விதைநெல் மாதிரி சேர்த்து வைத்திருக்கிறாள். அவளைக் கோபித்து என்ன செய்வது? அவசரத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். முப்பது வருடம் தாதி வேலை செய்தவளுக்கு இது பெரிய பிழை.

இருந்து விளக்கமாகச் சொன்னேன். நோவு ஏறிய பிறகு அதே குளிசைக்கு அது அடங்காது, ஏறுமுன்பே கொடுக்க வேண்டும். காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. கடைசி வேளைக்கு இரண்டு கொடுத்தால் நடுச்சாமத்தில் எழுப்பத் தேவையில்லை. இடையில் நோவு வந்தால் இன்னொன்று, அதற்காக அடுத்த வேளையைத் தள்ளக் கூடாது. ஐந்து நாளாக மலம் போகவில்லை என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. மலமிளக்கும் மருந்தை மோர்பினோடு சேர்த்தே கொடுக்க வேண்டும், அதையும் நிறுத்தியிருந்தாள்.

வாசலில் நின்ற அயல்வீட்டு அம்மா, "இந்தக் குளிசை குடுத்தா ஆள் கெதியா முடிஞ்சிருமாமே" என்றார். அளவோடு கொடுத்தால் முடியாது, நித்திரைதான் வரும் என்றேன். நம்பினாரா தெரியாது. பேரன் போனில் ஐந்து அலாரம் வைத்தான்.

ஜனவரி 23

இரவு யானை வந்து, ஊரே வெடி போட்டிருக்கிறது. பெரியவர் எழும்பவில்லை. என்னை ஏன் எழுப்பவில்லை என்று காலையில் மகளோடு கோபம். இப்படிக் கோபித்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு நிம்மதி.

மருமகன் வட்டையிலிருந்து நெற்கதிர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். உள்ளங்கையில் கசக்கி, பதரை ஒதுக்கி எண்ணினார். பேச்சு குழறுகிறது. "பதர் கூட, புள்ள" என்பது மட்டும் விளங்கியது.

பெப்ரவரி 3

நேற்று விடியப்புறம் போய்விட்டார். நான் வேறு வீட்டில் இருந்தேன். கடைசி இரண்டு நாளும் சேலைன் ஏற்றலாமா என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பஞ்சை நனைத்து வாயை ஈரமாக வைத்திரு, தொண்டை கரகரத்தால் பக்கவாட்டில் சரித்துவிடு என்று போனில் சொன்னேன். அதைத்தான் செய்திருக்கிறாள்.

ஜீ.எஸ். (கிராம சேவகர்) மரண அறிக்கை கொடுத்துவிட்டார். முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மகள் உள்ளே போய் அதே சீலைத்துண்டை எடுத்துவந்தாள். கிளினிக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

"இருபத்தொண்டு இருக்கு மிஸ்ஸி. ரெண்டு தரம் எண்ணினன்."